பார்த்த பிறகு எல்லாம் எளிதுதான்
'கீபோர்டுக்கு உறை போடுவது யாருக்கும் தோன்றும், இதற்கெல்லாம் காப்புரிமையா (பேட்டன்ட்)' என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. அந்த 'யாருக்கும்' என்பதில்தான் எனக்குத் தகராறு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கேட்பது, அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமா என்றுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே கணினியில் தட்டச்சு செய்து தரும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாலீஷ் தூசி உள்ளே போகாமல் இருக்க கீபோர்டு மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். அதற்குக் காப்புரிமை கேட்டால் சிரிப்பார்கள், சரி. ஆனால் தாள் நழுவி, ஒன்றை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும். பத்து வருடமாக எனக்கு வழி தெரியவில்லை. நான் நிபுணன் இல்லைதான், உறை விற்கிறவர்களுக்கும் தோன்றவில்லையே! அதைத் தீர்க்கிற உறையை ஒருவர் கொண்டுவந்தால், பார்த்த பிறகு 'அட, இவ்வளவுதானா' என்று தள்ளிவிடுவது நியாயமா? மேலே கருத்து எழுதிய ஒருவர் 'சிலிகான் உறை ஏற்கெனவே கடையில் இருக்கிறதே' என்கிறார். இருக்கட்டும், நழுவாத உறை இருந்ததா என்பதல்லவா கேள்வி?