கட்டைவிரலை விட்டுத் தொலைங்கவே

கோயில் கொடைத் திருவிழாவுல நம்ம அண்ணாச்சி பண்ணுன மேஜிக் ஷோவை எல்லாரும் வீடியோவுல பார்த்தாச்சு. பக்கவாட்டுல உட்கார்ந்திருந்த சின்னப்பய ஒருத்தன் "அண்ணே, கட்டைவிரலைக் காட்டுங்க"ன்னு கத்துனான். சின்னப்பய, விட்டுருவோம். ஆனா வித்தை தெரிஞ்ச நீங்களே "இன்னும் தம்ப் டிப்பா? 50 ரூபா சாமானை வச்சு ஒரு ஷோவா?"ன்னு எழுதுதீங்களே, அதுதான் பொறுக்கலை. தம்ப் டிப்புன்னா கட்டைவிரல் மேல மாட்டிக்கிடுற பிளாஸ்டிக் விரல் உறை, அதுக்குள்ள திணிச்சுத்தான் கைக்குட்டையை மறைக்கிறது.

கைக்குட்டை மறைஞ்சப்போ முன்னால இருந்த ஆச்சி வெத்தலை இடிக்கிறதை நிறுத்திட்டு வாயைப் பிளந்தாங்களா இல்லையா? பிளந்தாங்க. அப்புறம் என்னவே?

சரி, 50 ரூபா சாமான்தான். அதைப் போட்டுக்கிட்டு மேடையில நின்னு பாருங்க. கடையில கிடைக்கிறது பாதி வெள்ளைக்காரன் தோல் நிறத்துல இருக்கும். நம்ம நிறத்துக்குப் பெயிண்ட் அடிச்சு, பளபளப்புப் போகத் தேய்க்கணும். இல்லைன்னா போகஸ் லைட்டுல தனியா மின்னும். கைக்குட்டை மெல்லிசுப் பட்டா, சின்னதா இருக்கணும், பெருசாப் போனா உறைக்குள்ள அடங்காது, விரல் முழுசா இறங்காம முட்டிக்கிட்டு நிக்கும். விரல் நுனி சனத்தைப் பார்த்து நேரா இருக்கணும். கொஞ்சம் திரும்பினாலும் விளிம்பு தெரிஞ்சு போகும். அந்தப் பய கண்டுபிடிச்சதே அப்படித்தான், மேடையை ஒட்டி ஆளை உட்கார விட்டது யார் தப்பு? சித்திரை மாச வேர்வையில உறை வழுக்கும், அது வேற.

இதையெல்லாம் விட மோசம், பண்ணுதவனே தன் விரலைப் பார்க்கது. அவன் கண்ணு போற பக்கம்தான் சனத்தோட கண்ணும் போகும். அண்ணாச்சி ஒரு தடவைகூட கையைப் பார்க்கலை. வெறுங்கையை விரிச்சுட்டு, கைக்குட்டை எங்க போச்சுன்னு பந்தலை அண்ணாந்து தேடுனாரு. ஊரே கூடத் தேடுச்சு. அதை எந்தக் கடையில எத்தனை ரூபாய்க்கு விக்கான்?

"அப்போ கைத்திறமைக்கு மதிப்பே இல்லையா?"ன்னு கேப்பீங்க. சீட்டுக்கட்டோட வருசக்கணக்கா உருண்டவங்க நீங்க, ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தத் திறமையைச் சுத்தமாப் பண்ணுனா, பண்ணுனதே தெரியக் கூடாதுல்லா? தெரியாத கஷ்டத்துக்கு சனம் எப்படிவே கைதட்டும்? அதுவும் கொடைப் பந்தல்ல, 50 அடி தள்ளி மண்ணுல உட்கார்ந்திருக்கவருக்குக் கையில இருக்க சீட்டு ஆடுதனா டைமனான்னே தெரியாது.

பெண்ணை அறுக்கிற வித்தை 1921-லயே லண்டன் மேடைக்கு வந்தாச்சு. 1956-ல நம்ம வங்காளத்து மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் அதைத்தான் பி.பி.சி. டி.வி.யில பண்ணுனாரு. அறுத்து முடிச்சு எழுப்புதாரு, பொண்ணு அசையலை. நேரமாச்சுன்னு நிகழ்ச்சியை அப்படியே முடிச்சுட்டாங்க. பொண்ணு செத்துப்போச்சுன்னு சனம் பதறிப் போய் பி.பி.சி.க்குப் போன் போட்டுத் தள்ளிட்டாங்க. 35 வருசப் பழைய வித்தை! உங்களை மாதிரி ஆளு அங்க இருந்திருந்தா "ரம்பம் பழைய மாடல்"னு எழுதியிருப்பீரு. அல்வாவை வாயில போட்டுக்கிட்டு அடுப்புக்கு என்ன விறகுன்னு விசாரிக்கிற கூட்டம்.

"கூட்டத்துல நம்ம ஆளையே உட்கார வச்சு ஏமாத்துனாலும் வித்தைதானா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. எனக்கும் அது பிடிக்காது. ஆனா உம்ம பெட்டிக்குள்ள மடங்கிக் கிடக்கிற பொண்ணு யாருவே, பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு வந்த பயணியா?

சும்மா ரசனைச் சண்டைன்னா நானும் பேசாமப் போயிருப்பேன். நீங்க எழுதுனதைக் காட்டித்தான், அண்ணாச்சிக்குப் பேசுன தொகையில கொடைக் கமிட்டி ஆளுங்க 2,000 ரூபா பிடிச்சிருக்காங்க. "பிளாஸ்டிக் விரலுக்கு இது போதும்"னாங்களாம். ராத்திரி 11 மணிக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போற மனுசன்கிட்ட பேசுற பேச்சா இது? பந்தல்காரர்கிட்ட மூங்கில் விலையைக் கேட்டுப் பிடிச்சாங்களா? மைக் செட்டுக்காரர்கிட்ட?

அந்த 2,000-ஐ முதல்ல அண்ணாச்சி கையில கொண்டு போய்க் கொடுங்க. தம்ப் டிப்பைப் பத்தி அப்புறம் பேசிக்கிடுவோம்.