வலை வீசச் சொல்லி எடுத்த படத்துக்கு ஏன் முதல் பரிசு?

எங்கள் போட்டோ கிளப் போட்டியில் இந்த மாதமும் அதே படம்தான் ஜெயித்தது. எடுத்த ஆள் வேறு, எடுத்த இடம் வேறு. ஆனால் படம் அதேதான்: வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு உருவமாக ஒரு மீனவர், கையை விட்டு வட்டமாக விரிந்து பறக்கும் வீச்சுவலை, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் சூரியன். முன்பு மணக்குடிக் காயல். இப்போது தேங்காப்பட்டணம் பொழிமுகம். கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன். படம் அழகாகத்தான் இருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் போட்டோ கிளப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: நாகர்கோவிலில் மாதம் ஒரு கூட்டம், ஒரு தலைப்பு, ஆளுக்கு இரண்டு படம். வங்கியில் வேலை பார்ப்பவர், ஸ்டுடியோ வைத்திருப்பவர், காலேஜ் பையன்கள், ரிட்டயர் ஆன என்னைப் போன்ற டீச்சர்கள் என்று கலவையான கூட்டம். இடையிடையே எல்லோருமாகச் சேர்ந்து எங்காவது போவோம். முப்பந்தல் காற்றாலை, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனையில் அந்தக் கண்ணாடி மாதிரிக் கருந்தரையில் சன்னல் வெளிச்சம் விழுவதைப் படமாக்கப் பழகியவருக்கு எக்ஸ்போஷர் பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பேசத் தெரிந்தவர்கள், உதவத் தெரிந்தவர்கள். லென்ஸைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வலை வீச்சு எப்படி நடக்கிறது என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாளே ஆளிடம் பேசி வைத்து, காசு பேசி, விடியலில் நிற்க வைத்து வீசச் சொல்வது. சரியாக விரியவில்லையா, இன்னொரு தரம். மேகம் மறைத்ததா, கொஞ்சம் பொறுத்து மறுபடி. மணக்குடியில் ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "மீனு கிடைக்கலேன்னாலும் போட்டோக்காரங்க வந்தா அன்னைக்கு அரிசிக்கு ஆச்சு டீச்சர். ஆனா சூரியனுக்கு நேரா வீசச் சொல்லுதாவ. அந்தப் பக்கம் மீனே கிடையாது."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், உழைப்புக்குக் கூலி வாங்குகிறார். எடுக்கிறவரையும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்கிறதோ அந்தப் படத்தைத்தான் எடுப்பார்கள். என் கோபமெல்லாம் எங்கள் போட்டி விதியின் மேல்தான். மீனே இல்லாத பக்கம் வலை வீச வைத்தது அந்த விதி.

எப்படி என்று சொல்கிறேன். திரையில் ஒரு படம் வரும், நடுவர்கள் சில விநாடி பார்ப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள், அடுத்தது. 'சலூன்' என்று சொல்லும் பெரிய புகைப்படப் போட்டிகளிலும் ஏறக்குறைய இந்த முறைதான், எங்கள் கிளப் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டது. 1950-இல் தொடங்கிய ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, 1953-இல் தொடங்கிய நம் நாட்டுக் கூட்டமைப்பு எல்லாம் உண்டு. சலூன்களில் படம் தேர்வாகத் தேர்வாக, கணக்குச் சேர்ந்து பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி., இ.எஃப்.ஐ.ஏ.பி. என்று ஃபியாப்பின் பட்ட எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சில விநாடிப் பார்வையில் எந்தப் படம் தப்பிக்கும்? ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே சைகை. உள்ளே போய்த் தேடிப் பார்க்க வேண்டிய படம் தோற்றுப்போகும். தோற்ற படத்தை அடுத்த மாதம் யார் எடுப்பார்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் சலூன்களே எல்லாவற்றையும் அனுமதிப்பதில்லை. இயற்கைப் பிரிவில் படத்துக்குள் எதையும் சேர்க்கவோ, நீக்கவோ, நகர்த்தவோ கூடாது. அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ. தன் பயணப் பிரிவுக்கு வகுத்த வரையறையில், படத்துக்காகவே ஏற்பாடு செய்த நிகழ்ச்சியும் கூலி கொடுத்து நிறுத்திய ஆளும் பொருந்தாது என்றே எழுதியிருந்தார்கள். அவர்களிடமிருந்து மதிப்பெண் முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். இந்த வரியைக் கவனமாக விட்டுவிட்டோம்.

கன்னியாகுமரி சூரிய உதயம் இன்னொரு கதை. 'நம்ம மாவட்டம்' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பாதிப் படங்கள் 133 அடி வள்ளுவர் சிலையும் சூரியனுமாக வந்து குவியும். 2024 டிசம்பர் 30-இல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. எடுக்கட்டும். ஆனால் நான் புவியியல் டீச்சர், கண் சும்மா இருக்காது. நம் ஊரில் டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே ஒதுங்கி உதிக்கும். ஜூனில் அதே அளவு வடக்கே போய்விடும். கரையில் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. ஒருமுறை, ஜூன் மாதம் எடுத்தது என்று எழுதியிருந்த படத்தில், டிசம்பர் சூரியன் நிற்க வேண்டிய இடத்தில் சூரியன் நின்றது. 2020-இலிருந்து ஃபோட்டோஷாப்பில் ஒரு சொடுக்கில் வானத்தையே மாற்றும் வசதி இருக்கிறது, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் கையைத் தூக்கியபோது நடுவர் சொன்ன பதில்தான் ஆச்சரியம்: "படம் நல்லாருக்குல்லா டீச்சர், அது போதாதா?"

போதாது சார்.

இந்த மாவட்டத்தில் ஏற்பாடு செய்யாமலே நடப்பவை எவ்வளவோ கிடக்கின்றன. சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று போய்த் திருநட்டாலத்தில் முடியும் 12 சிவாலயங்கள். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, ஓடுவது சிவன் கோவிலுக்கு, கூப்பிடுவதோ 'கோவிந்தா, கோபாலா'. இரவெல்லாம் வழிநெடுக வீட்டு வாசலில் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். கொஞ்சம் நில்லுங்கள், இன்னொரு தரம் ஓடுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. வெளிச்சம் மோசம், ஆள் வேகம், நமக்கோ தூக்கம். அங்கே கிடைக்கும் படம் மங்கலாக இருக்கும், கோணலாக இருக்கும். ஒற்றைப் படமாகத் திரையில் போட்டால் நான்கு மதிப்பெண்தான் கிடைக்கும். ஆனால் கொப்புளம் வெடித்த கால், விசிறியால் சாமிக்கு வீசும் கை, கஞ்சி ஊற்றும் ஆச்சி, பைக்கில் கோவில் கோவிலாகப் போகும் இளைஞர் கூட்டம், கடைசிக் கோவில் திண்ணையில் அப்படியே சரிந்து தூங்கும் மனிதர் என்று ஐந்து படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்த ஊர்க்காரர் பார்த்தாலும் நகர மாட்டார்.

அதனால்தான் கேட்கிறேன், இனிமேல் ஒற்றைப் படத்தோடு ஐந்து படத் தொடருக்கும் போட்டி வையுங்கள். படத்துக்குக் கீழே இடமும் மாதமும் எழுதட்டும். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். ஒரே விடியலில் தொடர் எடுக்க முடியாது, திரும்பத் திரும்பப் போகத்தான் வேண்டும். போனால்தான் அந்த ஆட்களின் பெயர் தெரியும். கரமடி, அதாவது கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை, இழுக்கிறவர்களைப் படமெடுக்கப் போகிறவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கவும் வேண்டிவரும், இழுக்கட்டும். தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் வைத்து மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் கிளப்பில் பூச்சந்தை என்றால் இன்னமும் மேலே நின்று எடுத்த மஞ்சள் கேந்திக் குவியல்தான். மாத்தூர் தொட்டிப்பாலமும் அப்படியே. 1966-இல் கட்டி முடித்த, 115 அடி உயரப் பாலத்தைப் பறளியாற்றின் பக்கமிருந்து அண்ணாந்து எடுக்காத ஆள் கிளப்பில் கிடையாது. அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது, வயல் இருந்த இடத்தில் இப்போது வாழையா, ரப்பரா என்று கால்வாய் வழியே நடந்து பார்த்த படம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

குளங்களைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாவும் இலைக்கோழியும் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நம் ஆட்களும் பெரிய பெரிய டெலி லென்ஸோடு போகிறார்கள், பறவையை மட்டும் இறுக்கி எடுக்கிறார்கள், பின்னணியெல்லாம் பச்சைப் புகையாகக் கரைந்துவிடுகிறது. குளம் எங்கே? கரை எங்கே? நாலுவழிச்சாலைக்காகக் குளத்திலும் ஏலாவிலும் (வயல்வெளியிலும்) மண்ணடித்த காலத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று ஒரு அகலப் படம் எடுத்து வைத்திருந்தால், இன்று அது கலெக்டர் ஆபீஸ் மேசையில் வைக்கக்கூடிய சாட்சி. கேமராவும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். போட்டியில் அப்படி ஒரு பிரிவு இல்லை, அவ்வளவுதான். (கூட்டில் குஞ்சுக்கு இரை கொடுக்கும் படங்களுக்கு மதிப்பெண் போடுவதையும் நிறுத்துங்கள். பறவை ஆர்வலர் குழுக்கள் பலவற்றில் அந்தப் படங்களைப் பகிரவே விடுவதில்லை. கிளையை விலக்கிவிட்டு எடுத்தால் காக்காய்க்கு வழி காட்டியது நாம்தான்.)

மறுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் திரும்பச் சொல்லி எடுக்கலையா? அதுவும் போட்டோதானே?" நியாயம்தான். ஏற்பாடு செய்து எடுப்பதும் ஒரு கலை, வெளிச்சம் வைக்கத் தெரிந்த கை வேண்டும். அதைத் தடை செய்யச் சொல்லவில்லை. அதற்குத் தனிப் பிரிவு வைத்து, 'ஏற்பாடு செய்து எடுத்தது' என்று படத்தோடு எழுதிவிடட்டும். மற்றப் பிரிவுகளில் முதல் மூன்று இடத்துக்கு வருகிற படங்களின் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த, கை வைக்காத மூல ஃபைலை, கேட்டு வாங்குங்கள். போனில் ஜேபெக் மட்டும் எடுக்கிற பையன்களிடம் அந்த ஒரிஜினல் ஃபைல் போதும். சந்தேகப்படுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், பரீட்சை எழுதப் போனால் ஹால் டிக்கெட் காட்டுகிறோமே.

இன்னொருவர், புதிதாக வருகிறவர்களுக்குத் தொடரெல்லாம் பாரம், வர மாட்டார்கள் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாக வருகிறவர்களை விரட்டுவது மௌனம். படம் திரையில் வருகிறது, எண் விழுகிறது, போகிறது. ஏன் ஐந்து, ஏன் எட்டு என்று யாரும் சொல்வதில்லை. போன வருடம் வந்த ஒரு பிள்ளை, அம்மா அக்கானி (பதநீர்) காய்ச்சுவதை எடுத்துக்கொண்டு வந்தாள். புகை, வியர்வை, வார்ப்பு முழுக்க நுரை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது, அதற்காகக் குறைத்துவிட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். வாளியை நகர்த்தியிருக்கலாம் என்கிறார்கள். கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் வாளி இல்லாமல் பின்னே என்ன இருக்கும்? அவள் அப்புறம் வரவில்லை. நடுவர் ஒவ்வொரு படத்துக்கும் வாய்விட்டு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று விதி இருந்திருந்தால், அந்த வாளியைப் பற்றி அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

கடைசியாக பிரிண்ட். வருடத்துக்கு ஒரு தடவையாவது 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டிப் பாருங்கள். திரைக்கு நாம் அனுப்பும் 1920 பிக்சல் ஃபைலை அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 107 பிக்சல்தான் வரும், ஒட்டு வேலையெல்லாம் பல்லைக் காட்டிவிடும். முழு ஃபைலைத்தான் கொண்டுவர வேண்டிவரும். சுவரில் இருக்கும் படத்தை யாரும் சில விநாடியில் மாற்றவும் முடியாது. வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் பொதுக்குழுவுக்கு எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட நாலு பேர் இருந்தால் நல்லது. நடுவர் சார் கோபித்துக்கொள்வார், ஆனால் மறுநாளே போன் பண்ணி லென்ஸ் வேண்டுமா டீச்சர் என்று கேட்பார், அவர் அப்படித்தான்.

விதி மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொடர் ஒன்றைத் தொடங்குகிறோம். விடியுமுன் போக வேண்டும், இருட்டு, கொசு, அட்டை எல்லாம் உண்டு. வருகிறவர்கள் நெற்றியில் கட்டுகிற லைட் கொண்டுவாருங்கள். வெட்டுகிற அக்காமாரின் வேலையை நிறுத்தி போஸ் கொடுக்கச் சொல்கிறவர்கள் வர வேண்டாம்.