கோச்சி இல்லையென்றால் பஸ்ஸில் போ என்கிற மகராசனுக்கு

"ரயில் ஓடாவிட்டால் என்ன, பஸ் இருக்கிறதுதானே?" எங்கள் திருகோணமலை–கொழும்பு கோச்சி (ரயில்தான்) நிற்கும்போதெல்லாம் கேட்கிற பேச்சு இது. இன்னொரு முறை யாராவது என்னிடம் சொன்னால் மரியாதை கெட்டுவிடும்.

பஸ் இருக்கிறது, சரி. கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிற நோயாளியை ஒரு இரவு முழுக்க அந்த பஸ்ஸில் இருத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். மருந்து ஏற்றிய உடம்போடு திரும்பி வருகிறவருக்குச் சலம் வந்தால் நடத்துநரிடம் கெஞ்ச வேண்டும். கோச்சியில் கழிவறை நாறும்தான், ஆனால் இருக்கிறது. எழுந்து நடக்கலாம், கால் நீட்டலாம். திருகோணமலை ஆட்கள் இரவு மெயில் கோச்சியை விட்டுக்கொடுக்காதது இதனால்தான். ஜன்னலில் தொங்கிப் படம் பிடிக்க அல்ல.

வெள்ளம் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணை அரித்தால் நிறுத்தத்தான் வேண்டும். டித்வா புயல் நாடு முழுக்கப் பாதைகளைக் கிழித்துப் போட்டதை எல்லோரும் பார்த்தோம். யானைக்காக மெதுவாகப் போவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் செத்தன. அதற்குப் பிறகும் வேகமாக ஓட்டு என்று கேட்கிறவன் மனுசனே இல்லை.

என் ஆத்திரம் நிறுத்திய பிறகு நடப்பதைப் பற்றி. திரும்ப எப்போது ஓடும் என்று கேட்டால் பதில் கிடையாது. போனை எடுக்க மாட்டார்கள். எடுத்தால், "மேலிடத்து அறிவித்தல் வரவில்லை." அந்த மேலிடம் எங்கே இருக்கிறது, வானத்திலா? அரசாங்க வேலை பார்க்கிற தங்கச்சிக்குக் கிடைத்த ரயில் வாரண்ட், அதாவது இலவசப் பயண அனுமதி, மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதைக் காட்டி எந்த பஸ்ஸில் ஏற?

அப்புறம் பாதையின் இலட்சணம். மட்டக்களப்பு இதே கரையில், எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. கோச்சியில் போக வேண்டுமென்றால் தம்பலகாமம், கந்தளாய் தாண்டி காட்டுக்குள் கல்லோயா சந்தி வரை போய், அங்கே மாறி, மறுபடி கிழக்கே இறங்க வேண்டும். யாழ்ப்பாணம் இன்னும் விசேஷம். வடக்கே போகிறவன் முதலில் தென்மேற்கே மாஹோ வரை போய் வடக்குக் கோச்சி பிடிக்க வேண்டும்! வெள்ளைக்காரன் 1920களில் கொழும்பைப் பார்த்துப் போட்ட பாதை. திருகோணமலையிலிருந்து கரையோரமாக இன்றுவரை ஒன்று இல்லை.

2014இல் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பியபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். யுத்தத்தில் அழிந்த பாதையை இந்தியக் கடனில் புதிதாகப் போட்டு ஓட்ட முடிந்த நாட்டில், இருக்கிற பாதையில் ஒழுங்காக ஓட்ட முடியாதா? எங்கள் ஊர்ச் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் (பெரிய தாங்கிகள்) 99 என்று எண்ணி வைத்து வருசக்கணக்காகப் பேசுகிறார்கள். துறைமுகத்தைப் பேசுகிறார்கள், நிலாவெளிக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரரைப் பேசுகிறார்கள். ஸ்டேசனில் பையோடு நிற்கிற கிழவியை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

புதுப் பாதையை விடுங்கள். எந்தத் தேதி ஓடும், எந்தத் தேதி ஓடாது என்று முதல் நாளே ஒரு தாளில், தமிழிலும் எழுதி, ஸ்டேசன் வாசலில் ஒட்டுங்கள். அதற்கு இந்தியக் கடன் தேவையில்லை, கொஞ்சம் பசை போதும்.