அதிபர் கையெழுத்து போட்டா சட்டம் ஆயிடாதுங்க

"அமெரிக்கால அதிபர் கையெழுத்து போட்டா அதுதான் சட்டம்"னு கட்டுரைல எழுதிருக்கீங்க, அத மட்டும் என்னால ஒத்துக்க முடியலைங்க. 1952ல நடந்தத பாருங்க. கொரியா போர் நடந்துட்டு இருக்கு, ஸ்டீல் தொழிலாளிங்க ஸ்டிரைக் பண்ணப் போறாங்க, போருக்கு இரும்பு வேணுமேன்னு அப்போ அதிபரா இருந்த ட்ரூமன் ஏப்ரல் 8 ராத்திரி ரேடியோல பேசி, நாட்டோட முக்கால்வாசி ஸ்டீல் மில்ல அரசாங்கமே எடுத்து நடத்தும்னு உத்தரவு போட்டுட்டார். கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, ரெண்டு மாசம் கூட ஆகல, ஜூன் 2ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு இது செல்லாதுன்னுடுச்சு.

அந்த ஒம்போது ஜட்ஜும் யாரு? ட்ரூமனும் அவருக்கு முந்தின அதிபர் ரூஸ்வெல்ட்டும் போட்டவங்கதான்! ட்ரூமன் போட்ட நாலு பேர்ல ரெண்டு பேர் அவருக்கு எதிரா நின்னாங்க, இத எப்ப நெனச்சாலும் எனக்கு சிலிர்க்கும்.

காரணம் ரொம்ப சிம்பிள், சட்டம் போடறது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தோட வேலை, அரசியல் சாசனத்துல முதல் பிரிவே காங்கிரஸ் பத்திதான், அதிபர் ரெண்டாவதாத்தான் வர்றார். அதுவும் 1947ல தொழிலாளர் சட்டம் கொண்டு வந்தப்பவே, மில்ல இப்படி கைப்பத்தற அதிகாரம் குடுக்கலாமான்னு பேசி, வேணாம்னு விட்டுட்டாங்க. போர் நடக்குது, முப்படைக்கும் தலைவர் நான்தான்னு ட்ரூமன் சொல்லியும் எடுபடல.

தீர்ப்பு வந்த அன்னிக்கே ட்ரூமன் மில்ல திருப்பிக் குடுத்துட்டார். உடனே ஸ்டிரைக் ஆரம்பிச்சு அம்பது நாளுக்கு மேல ஓடுச்சு, அப்பவும் அவர் மறுபடி மில்ல தொடல. கட்டுரைல இந்த கேஸ பத்தி ரெண்டு வரியாவது சேருங்க, ப்ளீஸ்.