கோலப்பொடி போதும், கொஞ்சம் சுண்ணாம்பும் காட்டுங்கள்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வட்டார அரும்பொருளகங்கள், சமூக மன்றங்களுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மரபுடைமைக் கூடங்கள் எல்லாவற்றின் நிகழ்ச்சி நிரல்களும் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகின்றன. ஆசையாகத் திறந்து பார்த்தேன். கோலம் போடுதல், பூத்தொடுத்தல், அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுதல், சேலை கட்டப் பழகுதல், மருதாணி. அடுத்த நிரலிலும் மருதாணி. போன வருடத்துப் படத்திலேயே தேதியை மட்டும் மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பண்டிகை நிகழ்ச்சிகள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளைகளை உள்ளே இழுப்பதே அவைதான். என் அக்கா பிள்ளைகளும் அப்படித்தான் முதன்முதலில் உள்ளே போனார்கள். ஆனால் கோலம் போட சிராங்கூன் சாலைக்குத்தான் வரவேண்டுமா? பூன் லேயில் வீட்டுக்குக் கீழே இருக்கும் வெற்றுத்தளத்திலேயே போடலாமே. ஒரு பேட்டையில் வரலாற்றுக் கூடம் என்று வைத்தால், அந்தப் பேட்டையில் மட்டும் நடந்த கதையை அல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

லிட்டில் இந்தியா என்கிற நம் தேக்காவையே எடுத்துக்கொள்வோம். பஃபலோ ரோட்டில் கீரையும் முருங்கைக்காயும் வாங்குகிறோம். ஒரு காலத்தில் அந்தப் பகுதி முழுக்க மாட்டு வியாபாரம். பக்கத்திலேயே ரோச்சோர் ஆறு, புல்லுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூத வணிகர் இங்கே பெரிய மாட்டு வியாபாரி, அவர் பெயரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய அந்தத் தெருவில் எத்தனை முறை செருப்பைத் தேடியிருப்போம்! ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு 1933 வரை ஃபேரர் பார்க்கில் உண்மையிலேயே குதிரைகள் ஓடின என்று தெரியும்?

கெர்பாவ் ரோட்டில் ஒரு வண்ண வண்ண வீடு இருக்கிறதே, சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுப்பார்களே, அது 1900இல் கட்டிய டான் டெங் நியாவின் வீடு. கரும்பிலிருந்து இனிப்பு செய்யும் ஆலைகள் வைத்திருந்த சீனர் அவர். ரப்பரைக் காயவைக்கும் புகைக்கூடத்துக்கும் கரும்பையே எரித்தார்கள். லிட்டில் இந்தியாவின் நடுவில் சீனர் வீடு, கரும்பு வாசம், ரப்பர் புகை, மாட்டுச் சாணம். இதை வைத்து ஒரு கண்காட்சி போட்டால் நான் லீவு போட்டுவிட்டு வருவேன்.

அப்புறம் சுண்ணாம்பு. தலைப்பில் அதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் பெரியவர்கள் மத்தியில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று ஒரு பெயர் உண்டு. கம்பம் என்றால் இங்கே கிராமம். சுற்றிலும் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் கட்டடங்களின் பூச்செல்லாம் சுண்ணாம்புதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போய் அந்தச் சுவரைத் தடவிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள் 1850களில் கட்டத் தொடங்கிய கட்டடம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, முரட்டுச் சர்க்கரை மூன்றையும் பசையாகும் வரை அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் கலந்து பூசியிருக்கிறார்கள். காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்று பெயர் பெற்ற வேலை அது. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இங்கே இருந்தார்கள். அதிபர் மாளிகையான இஸ்தானாவைக் கட்டியதிலும் அவர்கள் கை உண்டு.

இதை ஏன் ஒரு பயிலரங்காக நடத்தக்கூடாது? அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுகிற அதே மேசையில் ஒரு செங்கல், ஒரு கரண்டி, கொஞ்சம் முட்டை, சர்க்கரை. சுண்ணாம்பைக் கையாளத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். பிள்ளைகளுக்குக் கேக் செய்கிற மாதிரி கொண்டாட்டமாக இருக்கும். பூசிய செங்கல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அம்மாக்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டடம் கட்டும் தம்பிகள்தான் பாதிப் பேர். அவர்களில் கொத்தனார் எத்தனை, பூச்சு வேலைக்காரர் எத்தனை! ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் தமிழில் ஒரு நடை அறிவியுங்கள், அந்தக் கைதிகளின் கதையை அவர்கள் முன்னால் சொல்லுங்கள். கேட்கிற கேள்விகளில் வழிகாட்டிக்கே வியர்த்துவிடும். நான் பார்த்தவரை நம் நிரல்கள் சனிக்கிழமை காலையையே சுற்றிச் சுற்றி வருகின்றன.

இப்படிச் செய்தால் யார் வருவார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஒரு சின்ன வரலாற்றுக் கூடத்தில் பால் கேன் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அறிவிப்பு அட்டையில் அது என்ன உலோகம் என்பது மட்டும்தான் இருந்தது. முன்னால் ஒரு பெரியவர், கையில் கைத்தடி. பக்கத்தில் நின்ற யாரோ பெற்ற பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கினார்: "தம்பி, இதோட வாயில வைக்கோலைத் திணிச்சு வச்சிருப்பாங்க. சைக்கிள் குலுங்கினாலும் பால் சிந்தாது. சில பேரு மாட்டையே வாசலுக்கு ஓட்டிக்கிட்டு வந்து, நம்ம கண்ணு முன்னாடி கறந்து ஊத்துவாங்க. அப்பவும் எங்கம்மா செம்புல தண்ணி இருக்கான்னு கவுத்துப் பாப்பாங்க." பிள்ளைகள் அசையவில்லை. அன்றைய அதிகாரபூர்வ நிகழ்ச்சி பக்கத்து அறையில் காகித விளக்கு செய்வது. அங்கிருந்தும் இரண்டு வாண்டுகள் நழுவி வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.

அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு மைக், முக்கால் மணி நேரம். நிரலில் போட அதைவிட நல்ல நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதற்கென்றே தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. பதிவு செய்து வைப்பது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டைக்காரர் பேட்டைப் பிள்ளைகளிடம் நேரில் பேசுவது வேறு.

செய்ய முடியாது என்று சொல்லவும் வழியில்லை. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015 மே மாதம் திறந்தது. அங்கே 2019இல் சோழமண்டலக் கரையிலிருந்து நீரிணைப் பகுதிக்கு வந்த தமிழர் மரபைப் பற்றி ஒரு தனிக் கண்காட்சியே வைத்தார்கள். குவீன்ஸ்டவுனில் மை கம்யூனிட்டி குழுவின் தொண்டூழியர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையே ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். 1971இல் பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டியபோது அந்த வாழ்க்கையும் கலைந்தது. அங்கே வளர்ந்தவர்கள் இன்று ஈசூனிலும் உட்லண்ட்சிலும் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அழைத்தால் வரமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்?

நம் பக்கமும் குறை இருக்கிறது. "அதான் ஒரு தடவை பார்த்தாச்சே" என்போம். நிரந்தரக் கூடம் அப்படியே இருக்கலாம், சிறப்புக் கண்காட்சி இருக்காது. சில மாதத்தில் கழற்றி, இரவல் கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முடிந்த பிறகு "சொல்லவே இல்லையே" என்று கேட்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அதேபோல் வீடு மாறும்போது பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரைக் கூப்பிட்டு, பழைய தராசு, சம்பளச் சீட்டு, கடைப் பலகை எல்லாவற்றையும் ஐந்து வெள்ளிக்குத் தள்ளிவிடுகிறோம். அதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துப் பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? வேண்டாம் என்றால் சொல்லட்டும், கராங்குனி எங்கே போய்விடப்போகிறார்.

சரி, விடுமுறையில் போகிறவர்கள் போங்கள். மருதாணியும் வைத்துக்கொள்ளுங்கள், நானே வைத்துக்கொள்வேன். வெளியே வரும்போது கருத்துப் படிவம் நீட்டுவார்கள். ஐந்து நட்சத்திரத்தையும் வட்டமிட்டுவிட்டு ஓடிவிடாமல், எந்தத் தெருவின் கதை வேண்டும், எந்தத் தொழிலைப் பார்க்க வேண்டும் என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். என் படிவத்தில் சுண்ணாம்பு என்று எழுதியிருக்கிறேன். பால்காரர், பொற்கொல்லர், மாட்டுத் தரகர், பழைய தேக்கா சந்தை எல்லாம் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.