டெக்சாஸில் இருந்தாலும் நியூயார்க்குக்கு வரி கட்ட வேண்டி வரலாம்

"கம்பெனி வேற ஸ்டேட்ல இருக்கு, நான் வீட்லேருந்து வேலை பார்க்கிறேன், எந்த ஸ்டேட்டுக்கு டாக்ஸ்?" அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பிப்ரவரி ஆனால் ஓடும் கேள்வி. "உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்குத்தான்" என்று யாராவது ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலான மாநிலங்களுக்கு அது சரி. கலிபோர்னியா கம்பெனிக்கு டெக்சாஸின் ஆஸ்டினில் இருந்தபடியே வேலை செய்பவரின் சம்பளத்துக்கு கலிபோர்னியா வரி கிடையாது. (ஆர்.எஸ்.யு., அதாவது சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்குகள், வேறு கதை. பங்கு ஒதுக்கப்பட்ட (கிராண்ட்) நாளிலிருந்து அது உங்கள் கைக்கு வரும் (வெஸ்ட்) நாள் வரை கலிபோர்னியாவில் எத்தனை நாள் வேலை செய்தீர்களோ, அந்த விகிதத்துக்கு அங்கே வரி உண்டு.)

நியூயார்க்கில் அந்தப் பதில் செல்லாது. உங்கள் அலுவலகம் நியூயார்க் என்று கம்பெனி பதிவில் இருந்தால், வீட்டில் வேலை செய்த நாளும் நியூயார்க் நாள்தான். வீட்டிலிருந்து செய்வது கம்பெனியின் கட்டாயத் தேவை என்றால்தான் விலக்கு. அதற்கு 2006-இல் வந்த வழிகாட்டுதலில் பரிசோதனை இருக்கிறது: வேலைக்கு அவசியமான சிறப்பு வசதி வீட்டிலோ அருகிலோ இருக்க வேண்டும், இல்லையேல் 6 காரணிகளில் 4, கூடவே இன்னொரு 10-இல் 3 பொருந்த வேண்டும். லேப்டாப் மட்டும் வைத்து வேலை செய்யும் என்ஜினியர் இதில் தேறுவது அபூர்வம். கனெக்டிகட்டில் வசித்த சட்டப் பேராசிரியர் ஜெலின்ஸ்கி இந்த நியூயார்க் விதியை எதிர்த்துப் போய், 2003-இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸிலேயே தோற்றார். என் பார்வையில் இது அநியாய விதி. ஆனால் அநியாயம் என்று ரிட்டர்னில் எழுத முடியாது.

நியூ ஜெர்சியின் எடிசனில் வீடு, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஆபீஸ், சம்பளம் 1,50,000 டாலர் என்று வையுங்கள். 365 நாளில் வார இறுதி 104, விடுமுறை 11, லீவ் 15 போக 235 வேலை நாள். க்ளையன்ட் வேலையாக டெக்சாஸில் 20 நாள். அந்த 20 மட்டுமே கழியும், எடிசன் வீட்டு நாட்கள் கழியாது. ஆக 215/235, ஏறத்தாழ 1,37,234 டாலர் நியூயார்க் வருமானம். கம்பெனி தரும் வருடாந்திர சம்பளப் படிவமான டபிள்யூ-2-இன் 16-ஆம் கட்டத்தில் நியூயார்க்குக்கு முழுச் சம்பளமும் போட்டிருப்பார்கள். அது பிழையல்ல, நாள் கணக்கைப் பிரிப்பது ஐடி-203-பி படிவத்தில் உங்கள் வேலை. காலண்டரையும் பயண ரசீதையும் எடுத்து வையுங்கள், ஆடிட் வந்தால் கேட்பார்கள்.

முதலில் வெளிமாநிலத்தவருக்கான நியூயார்க் ரிட்டர்ன் ஐடி-203, பிறகுதான் நியூ ஜெர்சி ரிட்டர்ன். சாஃப்ட்வேரில் மாற்றிச் செய்தால், நியூயார்க் வரிக்காக நியூ ஜெர்சி தரும் கழிவு (கிரெடிட்) பூஜ்யமாக நிற்கும், ஒரே பணத்துக்கு இரண்டு வரி. கிரெடிட்டில் போட வேண்டியது நியூயார்க்குக்கு நீங்கள் உண்மையில் கட்ட வேண்டிய வரி, 17-ஆம் கட்டத்தில் பிடித்த தொகை அல்ல. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். சம்பந்தமில்லாத மாநிலத்துக்குப் பேரோல் தவறாகப் பிடித்திருந்தாலும் சொந்த மாநிலம் அதற்குக் கிரெடிட் தராது. பிடித்த மாநிலத்தில் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்க வேண்டும். அந்த டெக்சாஸ் 20 நாள் சம்பளத்துக்குக் கிரெடிட் இல்லை, நியூ ஜெர்சி முழு வரியும் கேட்கும்.

உண்மையில் அடி வாங்குவது டெக்சாஸுக்கோ ஃப்ளோரிடாவுக்கோ குடிபோனவர்கள். அங்கே மாநில வருமான வரியே இல்லை, எனவே கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. நியூயார்க் பிடிப்பது முழுக்கக் கைவிட்டுப் போகும் பணம். குடிபோகும் முன்பே ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: என் அலுவலக இடம் இனி எது? மேனேஜர் வாயால் "ஓகே" சொன்னது போதாது. டெக்சாஸில் கம்பெனிக்கு அலுவலகம் இருந்து, பதிவும் வேலையும் நிஜமாகவே அங்கே மாறிவிட்டால், அதன்பின் நியூயார்க் மண்ணில் வேலை செய்த நாட்களுக்கு மட்டுமே அங்கே வரி. ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் வேறு பெருநகரப் பகுதிக்குப் போவதற்கு முன் விசா திருத்த மனுவும் போட்டாக வேண்டும். வரியைவிட அதைத் தவறவிட்டால்தான் பெரிய வம்பு.