ராகப் பட்டியலை விடுங்கள், அம்மாவைப் பாட விடுங்கள்

வாட்ஸ்அப்பில் அந்தப் பட்டியல் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு இந்த ராகம், சர்க்கரைக்கு அந்த ராகம், குழந்தை தூங்க நீலாம்பரி, கடைசியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி. நீலாம்பரி எனக்கும் பிடிக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் ‘இசை சிகிச்சை’ என்றாலே வேளைக்கு ஒரு ராகம் என்று நம் ஊரில் ஆகிப்போனதில் எனக்குக் கடுப்பு, அதுவும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகள் விஷயத்தில்.

வெளிநாடுகளில் பல குழந்தைகள் மருத்துவமனைகளில் இசை சிகிச்சையாளர் என்று ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். படித்துவிட்டு வருகிற வேலை. அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1944லேயே இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டார்கள். அவர் செய்வது கச்சேரி இல்லை. நாலு வயசுக் குழந்தைக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகுகிற குழாய் ஊசி) போடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, நரம்பு கிடைக்காமல் சிஸ்டர் அடுத்த கையைத் தட்டிப் பார்க்க, “ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்று ஒரு பொய் வேறு. அங்கே போய் மெல்லிசாகத் தாலாட்டு பாடினால் யார் காதில் விழும்? அதனால் அவர் முதலில் குழந்தை அழுகிற வேகத்துக்கே, அந்தச் சத்தத்துக்கே கிடாரை வாசிக்கிறார். குழந்தை ஒரு நொடி ‘யார்றா இது’ என்று திரும்பினால் போதும், அங்கே பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்குவார், கூடவே மூச்சும் இறங்கும். இதற்கு ஐசோ கொள்கை என்று பெயர். நம் பாட்டிகளும் வீறிடுகிற பிள்ளையைத் தோளில் போட்டு முதலில் வேகமாகத் தட்டி, குரலை உயர்த்தி, அப்புறம்தானே ஆராரோவுக்கு வருவார்கள்!

ரெக்கார்ட் செய்த பாட்டு சுத்தமாக வேலைக்காகாது என்றும் நான் சொல்லவில்லை. கனடாவின் எட்மன்டனில் அவசரப் பிரிவுக்கு வந்த 3 முதல் 11 வயது வரையான 42 குழந்தைகளிடம், ஊசி ஏற்றும்போது ஸ்பீக்கரில் பாட்டு போட்டுப் பார்த்து 2013ல் வெளியிட்டார்கள். பாட்டு கேட்ட குழந்தைகள் சொன்ன வலி குறைவு. ஊசி போட்டவர்களுக்கும் வேலை சுலபமாக இருந்திருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் அங்கேயும் பாட்டைத் தேர்ந்தெடுத்தது ஒரு இசை சிகிச்சையாளர், வாட்ஸ்அப் பட்டியல் இல்லை.

குறைமாதக் குழந்தைகள் கதை இன்னும் சுவாரஸ்யம். அதே 2013ல் நியூயார்க்கின் இசை சிகிச்சையாளர் ஜோஆன் லோவியின் குழு, 11 மருத்துவமனைகளின் என்ஐசியூக்களில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) 272 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டது. கருவறை ஓசை மாதிரி சலசலக்கிற ஒரு வட்டக் கருவி, இதயத்துடிப்பு மாதிரி தட்டுகிற ஒரு மரப்பெட்டி, அப்புறம் பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டு. அந்தப் பாட்டு தாலாட்டாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிடித்த எந்தப் பாட்டையும் தொட்டில் ஆடுகிற நடைக்கு மெதுவாக்கிக் கொண்டார்கள். (அதாவது உங்கள் கல்லூரிக் காலக் குத்துப்பாட்டும் செல்லும்.) பெற்றோரின் பாட்டு கேட்ட குழந்தைகள் பால் குடிப்பது மேம்பட்டது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

சரி, இதை ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு, குறைமாதக் குழந்தைகளின் ஆக்சிஜன் அளவு இசையால் கூடுவதில்லை, இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கலாம் என்கிற அளவில்தான் நிற்கிறது. மருந்துக்குப் பதிலாக யாரும் பாட்டைக் கேட்கவில்லை.

என் தங்கை குழந்தை என்ஐசியூவில் இருந்தபோது அவள் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே விட்டால் பத்து நிமிடம், அதிலும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தால் “ஷ்ஷ், பேசாதீங்கம்மா”. ஆனால் மானிட்டர் அலறிக்கொண்டே இருக்கும், குப்பைத் தொட்டி மூடி டமார் என்று விழும். என்ஐசியூவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1997லேயே சொன்னது. அவ்வளவு இரைச்சலில் அம்மா குரல் மட்டும் தொந்தரவாம்!

இன்ஃபெக்‌ஷன் பயம் நியாயமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை கழுவி, கவுன் போட்டு, அம்மாவை உள்ளே கூப்பிட்டுப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2017லேயே மத்திய அரசு வழிகாட்டி போட்டிருக்கிறது. உள்ளே வந்தவள் மெல்லப் பாடினால் அதற்குத் தனியாக ஒரு பைசா செலவில்லை. பொது வார்டில் நிலைமை நேர் எதிர். ஒரு படுக்கையில் கார்ட்டூன், அடுத்ததில் சாமி பாட்டு, மூன்றாவதில் ரீல்ஸ், நடுவில் சுவரில் டிவி. இதையும் ‘இசை’ என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பயிற்சி பெற்ற ஆட்கள் இங்கே கிடைக்க மாட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென்று ஒரு மையமே இருக்கிறது, படிப்பும் நடத்தியிருக்கிறார்கள். படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருக்க வேண்டும், அங்கேதான் இடிக்கிறது. குழந்தைகள் தினத்துக்கு ஒரு பாட்டுக்குழுவைக் கூட்டி வந்து போட்டோ எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. வார்டுக்கு டிவியும் ஸ்பீக்கரும் நன்கொடை கொடுக்கிற சங்கங்கள் அடுத்த தடவை வாரத்தில் இரண்டு நாள் வருகிற ஒரு சிகிச்சையாளரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளட்டும். கிடார் உறையில் சங்கத்தின் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.